எஸ்தாசியோன் அட்லாண்டிடா: நூல் பிடித்துக் கட்டிய அலை

2021-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஒரு கிராமத்துக் கத்தோலிக்கக் கோயில் சேர்ந்தது. தென் அமெரிக்காவின் உருகுவே நாட்டில், தலைநகர் மொண்டேவீடியோவிலிருந்து 45 கிலோமீட்டர் தள்ளி, எஸ்தாசியோன் அட்லாண்டிடா என்ற சிற்றூரில் இருக்கிறது அது. 1960-இல் திறக்கப்பட்டது. பளிங்கு கிடையாது, தங்க முலாம் கிடையாது; தரையிலிருந்து கூரை வரை பூச்சில்லாத செங்கல். கட்டியவர் படித்தது கட்டடக்கலை அல்ல. கிடங்குகளுக்கும் ஆலைகளுக்கும் கூரை போட்டுக்கொடுத்துப் பெயர் வாங்கிய பொறியாளர் எலாடியோ டியஸ்டே (1917–2000) அவர். பட்டியலிலும் ‘பொறியாளர் எலாடியோ டியஸ்டேயின் படைப்பு: அட்லாண்டிடா தேவாலயம்’ என்று, ஆளின் தொழிலையும் சேர்த்தே பதிந்திருக்கிறார்கள்.

இந்தக் கோயிலின் படத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ‘சிற்பம் மாதிரி இருக்கிறது’ என்கிறார்கள். சுவர் அலையடிக்கிறது, கூரையும் அலையடிக்கிறது; அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தப் பாராட்டு கட்டடத்தைக் கொஞ்சம் குறைத்து மதிப்பிடுகிறது என்பேன். ஒரு கலைஞர் மனம்போன போக்கில் வளைத்த வளைவு இதில் ஒன்றுகூட இல்லை. கையில் பணமும் இரும்பும் குறைவாக இருக்கும்போது, மெல்லிய செங்கல் சுவர் விழாமல் நிற்க என்ன வழி என்று கணக்குப் போட்டுப் பார்த்ததில் வந்த வடிவம் இது.

முதலில் ஊரைப் பற்றி. அட்லாண்டிடா என்பது கடற்கரை ஊர்; தலைநகரவாசிகள் கோடைக்கு வந்து தங்கும் இடம். எஸ்தாசியோன் அட்லாண்டிடா அதுவல்ல. ரயில் நிலையத்தை ஒட்டி, கடற்கரைக்கு உள்ளே தள்ளி வளர்ந்த குடியிருப்பு. அங்கே இருந்தவர்கள் கூலி வேலை செய்பவர்களும் சிறு விவசாயிகளும். அவர்களுக்கு ஒரு கோயில் கட்டித்தர வசதியுள்ள ஒரு தம்பதியர் முன்வந்து, 1950-களில் டியஸ்டேயை அணுகினார்கள். அவர் போட்டுக்கொண்டிருந்த கொட்டகைகளைப் போல எளிமையான வளைகூரை ஒன்று இருந்தால் போதும் என்பதே அவர்களுடைய எதிர்பார்ப்பு. ஏழைகளின் ஊருக்கு அது போதும் என்று டியஸ்டேக்குத் தோன்றவில்லை. செலவைக் கூட்டாமல், யோசனையைக் கூட்டினார். 1958-இல் வேலை தொடங்கி, இரண்டே ஆண்டுகளில் முடிந்தது. கோயிலுக்குத் ‘தொழிலாளி கிறிஸ்து’ என்று பெயர். லூர்து அன்னையின் பெயரும் உடன் சேர்ந்திருக்கிறது.

உருகுவேயில் கோயில் கட்டுவது என்பதற்கே ஒரு தனிப் பின்னணி உண்டு. லத்தீன் அமெரிக்கா என்றாலே கத்தோலிக்கம் என்று நினைப்பவர்களுக்கு உருகுவே ஒரு விதிவிலக்கு. 1919-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் திருச்சபையையும் அரசையும் அறவே பிரித்துவிட்டது. அதே ஆண்டு விடுமுறை நாட்களின் பெயர்களும் மாறின. அரசு நாட்காட்டியில் கிறிஸ்துமஸ் ‘குடும்ப நாள்’ ஆயிற்று. புனித வாரம் ‘சுற்றுலா வாரம்’ ஆயிற்று. இன்றைக்கும் அப்படித்தான். அரசு எந்த மதத்துக்கும் கைகொடுக்காத அப்படி ஒரு நாட்டில், ஒரு கத்தோலிக்கப் பொறியாளர் சிற்றூருக்குக் கோயில் கட்டுகிறார். ஆடம்பரத்தைக் காட்டி அங்கே யாரையும் வசப்படுத்த முடியாது. அதனால் எளிமை அவருக்குக் கட்டாயமாகவும் இருந்தது, கொள்கையாகவும் இருந்தது.

செங்கலுக்கு அவர் வந்த வழியும் சுவையானது. 1943-இல் பொறியியல் பட்டம் பெற்ற டியஸ்டே, கான்கிரீட் உச்சத்தில் இருந்த காலத்தவர். 1940-களின் நடுவில் அந்தோனியோ போனெட் என்ற கட்டலோனியக் கட்டடக்கலைஞர் உருகுவேயின் புந்தா பயேனாவில் ஒரு வீடு கட்டினார். அதன் வளைகூரைக்குக் கணக்குப் போடும் வேலை டியஸ்டேயிடம் வந்தது. அங்கேதான் அவர் ஒற்றை அடுக்குச் செங்கலை வளைவாக அடுக்கி, இடைவெளிகளில் மெல்லிய கம்பி ஓட்டி, கலவையால் இறுக்கும் முறைக்கு வந்து சேர்ந்தார். கட்டலோனியாவின் மரபான ஓட்டு வளைவு இதற்குத் தூரத்து உறவுதான். அதில் மெல்லிய ஓடுகளைப் படுக்கைவாட்டில் பல அடுக்காக ஒட்டுவார்கள், கம்பி இருக்காது. டியஸ்டேயின் முறையில் அடுக்கு ஒன்றே. இழுவிசையைக் கம்பி பார்த்துக்கொள்ளும்.

செங்கலைப் பிடித்துக்கொண்டதற்கு அவர் சொன்ன காரணங்களில் கற்பனாவாதம் கிடையாது. செங்கல் கான்கிரீட்டைவிட எடை குறைவு. வெப்பத்தையும் குளிரையும் அதைவிட நன்றாகத் தடுக்கும். ஈரத்தை உறிஞ்சித் திருப்பி விடும். வயதானாலும் அசிங்கப்படாது, ஓரிடத்தில் செப்பனிட்டால் அந்த ஒட்டு துருத்திக்கொண்டு தெரியாது. எல்லாவற்றுக்கும் மேல், உள்ளூரில் மண் இருக்கிறது, சூளை இருக்கிறது, கொத்தனார் இருக்கிறார். பணக்கார நாடுகளின் கட்டுமான முறையைக் கண்ணை மூடிக்கொண்டு கடன் வாங்குவது வளரும் நாட்டுக்குக் கட்டுப்படியாகாது என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

அட்லாண்டிடாவின் தனிச் சிறப்பு சுவர்கள். இந்தக் கோயிலைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அது இந்தச் சுவர்களைப் பற்றியதாக இருக்கட்டும்.

கோயிலின் தரைத்தளம் வெறும் செவ்வகம்: 16 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளம், ஒரே கூடம், நடுவில் தூண் இல்லை. சுவரின் உயரம் 7 மீட்டர், கனம் சுமார் 30 சென்டிமீட்டர். இவ்வளவு மெல்லிய சுவரை இவ்வளவு உயரத்துக்கு நேராக எழுப்பி, அதன் தலையில் அகலமான வளைகூரையை ஏற்றினால் நிற்காது. வழக்கமான தீர்வுகள் இரண்டு: சுவரைத் தடிமனாக்குவது, அல்லது வெளியே முட்டுத்தூண்கள் கொடுப்பது. இரண்டுக்கும் கல்லும் காசும் வேண்டும். டியஸ்டே மூன்றாவது வழியாகச் சுவரையே மடித்தார். ஒரு தாளை விளிம்பில் நிறுத்தினால் சாய்ந்துவிடும், அதையே நெளித்து நிறுத்தினால் நிற்கும் இல்லையா, அதே கணக்கு.

ஆனால் சுவர் முழு உயரத்துக்கும் ஒரே மாதிரி நெளியவில்லை. தரையில் அது நேர்கோடு. மேலே போகப் போக நெளிவு கூடிக்கொண்டே போய், உச்சியில் முழு அலையாகிறது. கூரையின் சராசரி அகலம் 16 மீட்டர். சுவர்கள் அதிகம் விலகும் இடத்தில் 18.8 மீட்டர். அதாவது அலையின் முகட்டில் ஒவ்வொரு சுவரும் தன் அடிக்கோட்டிலிருந்து 1.4 மீட்டர் வெளியே சாய்ந்திருக்கிறது. அடுத்த வளைவில் உள்ளே சாய்கிறது. இரண்டுக்கும் நடுவில், வெளிச்சாய்வு உட்சாய்வாக மாறும் இடத்தில் மட்டும் செங்குத்தாக நிற்கிறது.

அடியில் நேர்கோடாகவும் மேலே அலையாகவும் ஏன் வைக்க வேண்டும்? சுவரும் கூரையும் இங்கே தனித்தனி உறுப்புகளாக இல்லாமல் ஒரே சட்டமாகச் சேர்ந்து சுமை தாங்குகின்றன. அப்படிப்பட்ட சட்டத்தில் வளைக்கும் விசை மிகுந்திருப்பது சுவரும் கூரையும் சேரும் மேல்மூலையில். தரையை நெருங்க நெருங்க அது குறைகிறது. விசை அதிகமுள்ள இடத்தில் அலையின் ஆழம் அதிகம். விசை இல்லாத இடத்தில் அலையே இல்லை. சுவரின் அந்த மடிப்பை ஒரு வரைபடமாகவே வாசிக்கலாம்.

இனி கொத்தனாரின் பக்கம் வருவோம். தூக்குக்குண்டு விட்டு, ரசமட்டம் வைத்து, நூல் பிடித்து நேர்ச்சுவர் எழுப்பிப் பழகிய ஆளிடம், ‘ஒவ்வொரு வரியிலும் சாய்வு மாறிக்கொண்டே போகும் அலைச்சுவர் கட்டு’ என்றால் எப்படிக் கட்டுவார்? டியஸ்டே இதற்கு வைத்த விடை அழகாக இருக்கிறது. இந்தச் சுவரின் மேற்பரப்பு கணிதத்தில் நேர்கோடுகளால் ஆன பரப்பு. தரையிலுள்ள நேர்கோட்டின் ஒரு புள்ளியையும் உச்சியிலுள்ள அலைக்கோட்டில் அதற்கு நேரான புள்ளியையும் இணைத்தால் கிடைப்பது வளைகோடு அல்ல, நேர்கோடு. எனவே 7 மீட்டர் உயரத்தில் அலை வடிவில் ஒரு சட்டத்தை நிறுத்தி, அங்கிருந்து தரைக்கோட்டுக்கு வரிசையாக இழைகளை விறைப்பாகக் கட்டினால் போதும், சுவரின் முழு வடிவமும் காற்றில் வரைந்தாயிற்று. கொத்தனார் ஒவ்வொரு வரிச் செங்கலையும் அந்த இழைகளை ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டே போகிறார். அவர் கையில் இருப்பது பழைய நூல்தான், பழைய கரண்டிதான். நூல் கட்டிய இடம் மட்டும் மாறியிருக்கிறது.

சிக்கலான வளைபரப்பு என்றால் சிக்கலான அச்சு, சிக்கலான தச்சு வேலை, எகிறும் செலவு என்பது கான்கிரீட் உலகத்தின் விதி. மரப்பலகை அச்சு எதுவும் இல்லாமல் ஒரு வளைசுவர் எழுந்தது என்பதில்தான் இந்தக் கட்டடத்தின் சிக்கனம் ஒளிந்திருக்கிறது.

கூரையும் இதே தர்க்கத்தின் மறுபக்கம். ஒரு சங்கிலியை இரு முனைகளில் பிடித்துத் தொங்கவிட்டால் அது இழுவிசையால் மட்டும் ஒரு வளைவெடுக்கும். அதையே தலைகீழாகத் திருப்பினால் அழுத்தவிசை மட்டுமுள்ள வளைவு கிடைக்கும் என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் கண்டுசொன்னார். செங்கலுக்கு அழுத்தம் பிடிக்கும், இழுத்தால் உடையும். ஆகவே சங்கிலி வளைவு அதற்குப் பொருத்தம். ஆனால் மெல்லிய கூரைக்கு ஒரு ஆபத்து பாக்கி இருக்கிறது. உடையாவிட்டாலும் நெளிந்து மடிந்துவிடலாம். அதைத் தடுக்கத்தான் டியஸ்டே கூரையை நீளவாட்டிலும் அலையாக்கினார். குறுக்குவாட்டில் ஒரு வளைவு, நெடுக்குவாட்டில் இன்னொரு வளைவு. பரப்புகளின் வளைவை அளக்க வழி சொன்ன கணித மேதை காஸின் பெயரால் இதைக் காஸ் வளைகூரை என்கிறார்கள். அட்லாண்டிடாவில் இந்த வளைவின் எழுச்சி ஓரிடத்தில் 7 சென்டிமீட்டர், இன்னோரிடத்தில் 147 சென்டிமீட்டர். இவ்விரண்டுக்கும் நடுவே மாறி மாறிப் போகிறது.

வளைகூரை எப்போதும் சுவரை வெளியே தள்ளப் பார்க்கும். அதைப் பிடித்துக் கட்டக் குறுக்கே இரும்புக் கம்பிகள் வேண்டும். பல கொட்டகைகளில் அவை தலைக்கு மேல் வெட்டவெளியில் கோடு கோடாகத் தெரியும். இங்கே அண்ணாந்து பார்த்தால் கம்பியே கண்ணில் படாது. எழுச்சி வெறும் 7 சென்டிமீட்டராகத் தாழும் பள்ளங்களுக்குள் அவற்றைப் புதைத்துவிட்டார். சுவரின் உச்சியில் ஓடும் விளிம்பு, ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் நடுவிலான தள்ளுவிசையை வாங்கிக் கம்பிகளிடம் ஒப்படைக்கிறது. கூடத்தில் நிற்பவருக்கு இந்த ஏற்பாடு எதுவும் தெரிய வேண்டியதில்லை. அவருக்குத் தெரிவது தடையில்லாத வெளி மட்டுமே.

அந்த வெளியின் பயன் வழிபாட்டில் இருக்கிறது. 1960-இல் திருப்பலி என்னும் கத்தோலிக்கப் பொது வழிபாடு லத்தீனில்தான் நடந்தது. உலகக் கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது 1962-இல். திருவழிபாட்டுச் சீர்திருத்த ஆவணம் வெளியானது 1963 டிசம்பரில். அதற்கு முன்பே ஐரோப்பாவிலும் பிற இடங்களிலும், மக்கள் திருப்பலியை எட்ட நின்று பார்ப்பவர்களாக இருக்கக்கூடாது, அதில் பங்குகொள்பவர்களாக இருக்க வேண்டும் என்ற இயக்கம் வலுத்து வந்தது. டியஸ்டே அந்தச் சிந்தனையின் பக்கம் நின்றவர். பக்கக் கூடங்கள் இல்லை, பார்வையை மறைக்கும் தூண்கள் இல்லை. பீடம் சில படிகள் மட்டுமே உயர்ந்து, மக்களுக்கு அருகில் இருக்கிறது. அதன் பின்னால் தாழ்வான செங்கல் சுவர் ஒன்று வளைந்து அணைக்கிறது. சங்கத்துக்குப் பின் உலகெங்கும் எத்தனையோ கோயில்களில் பழைய பீடத்தைப் பெயர்த்து முன்னால் கொண்டுவர வேண்டியிருந்தது. இந்தச் சிற்றூர்க் கோயில் அந்த மாற்றத்தை முன்கூட்டியே எதிர்பார்த்துக் கட்டியது போல அமைந்துவிட்டது.

வெளிச்சத்தைக் கையாண்ட விதமும் கவனிக்கத்தக்கது. பக்கச் சுவர்களில் பெரிய சன்னல் எதுவும் கிடையாது. சிறு சிறு துளைகளில் வண்ணக் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். நுழைவாயிலுக்கு மேலே, பாடகர் மேடையின் பின்புறம், செங்கல் தகடுகள் செங்குத்தாக மடிந்து மடிந்து நிற்கின்றன. அவற்றின் இடுக்குகள் வழியாக வெளிச்சம் பட்டுத் திரும்பி உள்ளே வருகிறது. செங்கலின் சிவப்பே வெளிச்சத்துக்கும் நிறம் ஏற்றிவிடுகிறது. வண்ணப்பூச்சுக்கு வேலையே இல்லை.

முற்றத்தின் இடப்பக்கம் தரையில் ஒரு முக்கோணப் பட்டக வாயில் முளைத்திருக்கிறது. அதில் இறங்கினால் நிலத்தடியில் வட்டமான திருமுழுக்கு அறை. கூரையின் நடுவிலுள்ள ஒரே வட்டத் திறப்பிலிருந்து வெளிச்சம் விழுகிறது. அங்கிருந்து சுரங்கவழியாகக் கோயிலுக்குள் ஏறி வரலாம். திருமுழுக்குப் பெறாதவர் வெளியே இறங்கி, பெற்றவராக உள்ளே ஏறுகிறார். கிறிஸ்துவோடு அடக்கம் செய்யப்பட்டு அவரோடு எழுவதே திருமுழுக்கு என்ற புனித பவுலின் போதனையை, ஒரு வரிகூட எழுதிவைக்காமல், படிக்கட்டாலேயே சொல்லிவிட்டார். இத்தாலியின் தொடக்ககாலக் கிறிஸ்தவக் கோயில்களில் திருமுழுக்கு அறையும் மணிக்கூண்டும் தனித்தனியே நிற்கும். அந்த மரபைத்தான் இங்கே மறுபடி எடுத்திருக்கிறார். நவீனம் என்று பெயரெடுத்த கோயிலின் ஒழுங்கமைப்பு மிகப் பழையது.

வலப்பக்கம் மணிக்கூண்டு. உருளை வடிவம், சுவர் முழுக்கச் செங்கலை விட்டு விட்டு அடுக்கிய சல்லடை வேலை. உள்ளே சுற்றிச் சுற்றி ஏறும் படிகளுக்கு நடுத்தண்டு கிடையாது. ஒவ்வொரு படியும் சுவரிலிருந்தே நீட்டிக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தாலே ஏறும் ஆளின் நிழல் தெரியும் அளவுக்குத் திறப்புகள்.

இந்த யோசனைகள் எல்லாம் டியஸ்டேயின் மூளையில் மட்டுமே உதித்தவை என்று சொன்னால் அது மிகை. பார்சிலோனாவில் சக்ராடா ஃபமிலியா தேவாலய வளாகத்தில் 1909-இல் கட்டடக்கலைஞர் அந்தோனி கௌடி கட்டிய சிறு பள்ளிக்கூடத்தின் செங்கல் சுவரும் கூரையும் நேர்கோட்டுப் பரப்பால் நெளிந்தவைதான். மெக்சிகோவில் கட்டடக்கலைஞர் ஃபெலிக்ஸ் கந்தேலா 1950-களின் நடுவில் அற்புதப் பதக்க அன்னைக் கோயிலின் கான்கிரீட் ஓடுகளை நேரான பலகைகளை வைத்தே வளைத்திருந்தார். ஆனால் அட்லாண்டிடாவோடு எல்லோரும் ஒப்பிடுவது 1955-இல் பிரான்சின் ரோன்ஷாமில் கட்டடக்கலைஞர் லே கொர்பூசியே முடித்த சிற்றாலயத்தை. இரண்டிலும் சுவர் வளைகிறது என்பதைத் தாண்டி அந்த ஒப்பீடு எனக்கு ஒட்டவில்லை. ரோன்ஷாமின் தடித்த சுவர் வெள்ளைப் பூச்சுக்குள் தன் கட்டுமானத்தை மறைத்துக்கொள்கிறது. வளைவு அங்கே பெரும்பாலும் கண்ணுக்காக. அட்லாண்டிடாவில் ஒவ்வொரு செங்கலும் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது வெளியே தெரிகிறது. ஒளிக்க எதுவும் இல்லை. ரோன்ஷாமைத் தாழ்த்திச் சொல்லவில்லை. இரண்டும் இரண்டு வேறு கேள்விகளுக்கான விடைகள்.

டியஸ்டே பிறகும் கோயில் கட்டினார். உருகுவேயின் துராஸ்னோ நகரில் தீக்கிரையான புனித பேதுரு ஆலயத்தின் கூடத்தை, மடிப்புச் செங்கல் சுவர்களால் 1971-இல் மீண்டும் எழுப்பினார். அங்கே வாயிலின் மேலுள்ள வட்டச் சன்னலுக்குப் பதில், ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த அறுகோணச் செங்கல் வளையங்கள். சிலர் துராஸ்னோவை அட்லாண்டிடாவைவிட முதிர்ந்த படைப்பு என்பார்கள். மறுக்க மனம் வரவில்லை. 1990-களில் ஸ்பெயினின் அல்கலா தே எனாரெஸ் நகரில் அட்லாண்டிடாவின் வடிவத்தையே தழுவி இன்னொரு கோயில் எழுந்தது. அது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கைவேலைக்குக் கூலி அதிகமான, இரும்பும் கான்கிரீட்டும் தாராளமாகக் கிடைக்கிற நாட்டில் அந்த அலைக்கு முதலில் இருந்த அவசியம் இல்லை. வறுமையிலிருந்து பிறந்த விடையை வசதியான ஊர் ரசனைக்காக எடுத்துக்கொண்டது என்றே அதைப் பார்க்கிறேன்.

மூலக் கோயில் இன்றும் பங்குக் கோயிலாகவே இயங்குகிறது. அதற்கு முன்னுள்ள தொல்லை, செங்கல்லுக்குள் இருக்கும் கம்பி. பூச்சு இல்லாத சுவரும் மெல்லிய கூரையும் ஈரத்தை உள்ளே விட்டால், தண்ணீர் இணைப்புக் கலவை வழியாகக் கம்பியை எட்டும். கம்பி துருப்பிடித்து உப்பும். உப்பினால் செங்கல் விரிசல் விடும். வழக்கமான கட்டடமாக இருந்தால் மேலே ஒரு பூச்சுப் பூசிவிடலாம். இங்கே அப்படிப் பூசினால் கோயிலே போய்விடும். உருகுவேயின் குடியரசுப் பல்கலைக்கழகம், அமெரிக்காவின் கெட்டி (Getty) அறக்கட்டளையின் நவீனக் கட்டடப் பாதுகாப்பு நிதியுதவியோடு, இதற்கான பராமரிப்புத் திட்டத்தை வகுத்தது. கட்டுவதற்கு எந்தத் தனித் தொழில்நுட்பமும் தேவைப்படாத இந்தச் சுவரைக் காப்பதற்கு இப்போது ஆய்வுக்கூடங்கள் தேவைப்படுகின்றன.